டவ் ஸ்கார்ப்பியின் சிலிக்கான் செறிவு: ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு விடை தருகிறது, உதவுங்கள்

முதுகலை மாணவர், மதுரை:
வணக்கம். கேட்டை நட்சத்திரத்தின் மூன்று விண்மீன்களுள் ஒன்றான டவ் ஸ்கார்ப்பியின் சிலிக்கான் செறிவை, பொதுக் காப்பகத்தில் கிடைத்த நிறமாலையைக் கொண்டு திட்டப்பணிக்காக அளந்து வருகிறேன். வெப்பச் சமநிலையை அடிப்படையாகக் கொண்ட அட்லஸ்9 என்ற விண்மீன் வளிமண்டலக் கணினி மாதிரியில், நுண்கொந்தளிப்பு வேகத்தை (வளிமண்டல வாயுவின் சிறு அளவிலான கலக்கத்தின் வேகத்தை) சுழியாக வைத்துக் கணக்கிட்டால், இருமுறை அயனியான (இரண்டு எலக்ட்ரான்களை இழந்த) சிலிக்கானின் 4552 ஆங்ஸ்ட்ராம் அலைநீளக் கோடு கூடுதல் செறிவையும், 4574 கோடு குறைந்த செறிவையும் தருகின்றன. மும்முறை அயனியான சிலிக்கானின் 4089 கோடோ எதனோடும் ஒத்துப்போகவில்லை. வெப்பநிலையை மாற்ற வேண்டுமா?

ஆய்வாளர், கொடைக்கானல்:
தம்பி, வெப்பநிலையை இப்போது தொடாதீர்கள். 4552, 4567, 4574 மூன்றும் அயனியின் ஒரே கீழ் ஆற்றல்மட்டத்திலிருந்து எழுபவை. அவற்றின் இயல்பான வலிமை 5:3:1 என்ற விகிதத்தில் இருப்பதால், மூன்றும் ஒரே செறிவைத் தந்தே ஆக வேண்டும். வலுவான கோடு கூடுதலாகக் காட்டுகிறது என்றால் நுண்கொந்தளிப்பு வேகம் போதவில்லை என்று பொருள். மூன்றும் ஒன்றுபடும் வரை அதைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். 4089 கோட்டில் ஆக்சிஜன் கோடு ஒன்று கலந்திருக்கிறது, ஆகவே 4116 கோட்டை நம்புங்கள்.

அதன் பிறகே வெப்பநிலை. இருமுறை, மும்முறை அயனிகளின் கோடுகள் ஒரே செறிவைத் தரும் வெப்பநிலையையும், ஹைட்ரஜன் காமா கோட்டின் அகன்ற சிறகுகளுக்குப் பொருந்தும் மேற்பரப்பு ஈர்ப்பையும் மாறி மாறித் திருத்த வேண்டும், ஏனெனில் ஒன்றை நகர்த்தினால் மற்றதும் நகரும். ஹீலியத்தின் நடுநிலை, அயனிக் கோடுகளையும் ஒப்பிட்டால் தனியொரு சாட்சி கிடைக்கும். 1939 இல் பதிவான நிறமாலையைக் கொண்டு ஜெர்மானிய வானியற்பியலர் உன்சோல்ட் ஆராய்ந்த விண்மீன் இதுவே. கூர்மையான கோடுகளைக் கொண்ட இதைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரி.

முனைவர் பட்ட மாணவி, நாகமலை:
ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். இவ்வளவு சூடான விண்மீனில் எந்த ஆற்றல்மட்டத்தில் எத்தனை அணுக்கள் இருக்கும் என்பதைத் துகள் மோதல்களைவிடக் கதிர்வீச்சே தீர்மானிக்கிறது; எனவே வெப்பச் சமநிலைக் கணக்கு இங்கே செல்லாது. வெப்பச் சமநிலையைக் கொள்ளாமல் ட்லஸ்டி என்ற நிரலில் கணக்கிட்ட மாதிரித் தொகுப்புகளுள் பிஸ்டார்2006 30,000 கெல்வினோடு முடிகிறது. உங்கள் விண்மீன் ஏறத்தாழ 32,000 கெல்வின் என்பதால் ஓஸ்டார்2002 தேவை. ஆனால் அதிலுள்ள ஆயத்த நிறமாலைகள் நொடிக்கு 10 கிலோமீட்டர் நுண்கொந்தளிப்புக்கானவை, அது இவ்விண்மீனுக்கு மிகை. மாதிரியை மட்டும் எடுத்து, நிறமாலையைக் கணக்கிடும் நிரலான சின்ஸ்பெக்கில் உங்கள் நுண்கொந்தளிப்பு மதிப்பை இட்டு மீண்டும் கணக்கிடுங்கள். ஹைட்ரஜனை 12 எனக் கொண்ட மடக்கை அளவில், அண்மையிலுள்ள பி வகை விண்மீன்களின் சிலிக்கான் 7.50 ஐச் சுற்றியே அமைகிறது என்பதையும் ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள்.

முதுகலை மாணவர், மதுரை:
மிக்க நன்றி அக்கா, நன்றி ஐயா. இதே வழியில் அடுத்துச் சித்திரை விண்மீனை (ஸ்பைக்கா) அளக்கலாமா?

ஆய்வாளர், கொடைக்கானல்:
இப்போது வேண்டாம். சித்திரை ஏறத்தாழ 4 நாளில் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன். முதன்மை விண்மீன் விரைந்து சுழல்வதால் கோடுகள் அகன்று, துணை விண்மீனின் கோடுகளோடு கலந்துவிடும். முதலில் இரண்டின் ஒளியையும் பிரிக்க வேண்டும். உத்திரட்டாதியின் காமா பெகாசியை எடுங்கள். கோடுகள் கூர்மையானவை, அதன் வெப்பநிலைக்குப் பிஸ்டார்2006 தொகுப்பே பொருந்தும்.