பீட் விஸ்கி பிரியனுக்கு அடுத்து எந்தச் சீனத் தேநீர்?

வணக்கம் மக்களே. பத்து வருஷமா, பீட்னு சொல்ற மக்கின சதுப்புநில மண்ணை எரிச்ச புகை வாசம் தூக்கலான, ஸ்காட்லாந்து ஐலா தீவு விஸ்கிதான் நமக்கு. லாஃப்ராய்க், ஆர்ட்பெக் அந்த வகை. போன மாசம் சிங்கப்பூர் சைனாடவுன்ல ஒரு தேநீர்க் கடைக்கார அம்மா லாப்சாங் சூச்சோங் ஊத்திக் கொடுத்தாங்க. ஃபூஜியான் வூயி மலைத் தேயிலை, பைன் விறகுப் புகையில உலர்த்துறது. மூக்குக்கிட்ட கொண்டுபோனதுமே ஆள் காலி! குடிச்ச பிறகு வெறும் கோப்பையையும் மோந்து பார்க்கச் சொன்னாங்க. அது விஸ்கி குடிக்கிற நம்ம பழக்கமாச்சே!

வீட்டுக்கு 100 மில்லி கைவான் (தேநீர் ஊறவைக்கிற மூடி போட்ட சீனக் கிண்ணம்) வாங்கிட்டேன். 5 கிராம் இலை, கொதிநீர், 10 விநாடி. முதல் ரெண்டு ஊத்து அருமை, மூணாவது கசக்குது. இலை அதிகமா, இல்ல தண்ணியை முழுசா வடிக்காம விடுறேனா? மூடியைப் பிடிக்கிற விரல் வேற வெந்துபோகுது. விஸ்கி கிளாஸ் இப்படிப் பழிவாங்கினதே இல்ல.

அடுத்து யுன்னான் மாகாணத்துப் பூ-அர் தேயிலை வாங்க ஆசை. அதுல ஷெங்னு சொல்ற, வேகமா நொதிக்க வைக்காத வகை வருஷக்கணக்கா வச்சுப் பழுக்கிறதாமே, நம்ம பீப்பாய் மாதிரி. விஸ்கின்னா பெரும்பாலும் பாட்டில்ல வயசு அச்சடிச்சிருக்கும். அழுத்திச் செஞ்ச தேயிலை வட்டு '15 வருஷப் பழசு'ன்னா எதை வச்சு நம்புறது? இந்த ஊர் ஈரப்பதத்துல பூஞ்சை பிடிக்காம வைக்க வழி இருக்கா? வாங்கி அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. சம்பளத்துக்கு முன்னாடி சொன்னா பர்ஸ் தப்பிக்கும்.