காய்ச்சல் எத்தனையாவது நாள்? டெங்குவில் உடலின் எதிர்ப்பும் பரிசோதனைத் தாளும் – அனுபவப் பகிர்வு

இழையைத் தொடங்குபவர், காய்ச்சல் வார்டு மருத்துவர்

டெங்கு சந்தேகத்தோடு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது "காய்ச்சல் எந்தத் தேதியில், எந்த நேரத்தில் தொடங்கியது?" என்பதுதான். ரிப்போர்ட்டை அப்புறம் பார்க்கலாம். நோயாளிகள் பலர் மருந்துக்கடைக்குப் போன நாளையோ வேலைக்கு விடுப்பு எடுத்த நாளையோ முதல் நாளாகச் சொல்லிவிடுவார்கள். முதல் குளிர், முதல் உடல்வலி எப்போது வந்தது என்று தோண்டிக் கேட்டால் ஒருநாள் முன்னே போகும். அந்த ஒருநாள் பிசகினால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் பிசகும். வார்டிலும் ஆய்வகத்திலும் நீங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பதை இங்கே எழுதுங்கள்.

ஆய்வக நுட்பர்

எங்கள் மேசைக்கு அதிகம் வரும் புகார்: "டெங்கு நெகட்டிவ் என்று கொடுத்தீர்கள், இப்போது பாசிட்டிவ் என்கிறீர்கள்." பெரும்பாலும் இரண்டு முடிவும் சரிதான். கேட்ட நாளுக்குப் பொருந்தாத சோதனையைக் கேட்டிருப்பார்கள்.

என்எஸ்1 வைரஸின் புரதம். காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே ரத்தத்தில் தெரியும், ஐந்தாம் நாளை ஒட்டிக் குறையத் தொடங்கும். ஐஜிஎம் உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள். அது நான்காம், ஐந்தாம் நாளில்தான் தலைகாட்டும், இரண்டு வாரத்தில் உச்சம் தொடும், பிறகு இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் தங்கும். ஆகவே இரண்டாம் நாளில் ஐஜிஎம் மட்டும் பார்த்து டெங்கு இல்லை என்று அனுப்புவது தவறு. ஆறாம் நாளில் என்எஸ்1 மட்டும் பார்த்து அனுப்புவதும் அதே தவறுதான். இடைப்பட்ட நாட்களில் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டாம் முறை டெங்கு வந்தவரிடம் இந்த அட்டவணை குழம்பும். பழைய தொற்றை நினைவில் வைத்திருக்கும் செல்கள் விழித்துக்கொள்வதால் ஐஜிஜி என்ற நீண்டகால எதிர்ப்பொருள் முதல் சில நாட்களிலேயே வேகமாக ஏறும், ஐஜிஎம் மங்கலாகவே இருக்கும், சிலரிடம் சோதனைப் பட்டையில் கோடே விழாது. அந்த ஐஜிஜி என்எஸ்1-ஐப் பிடித்து ஒட்டிக்கொள்வதால் என்எஸ்1 சோதனையும் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். ஆபத்து கூடுதலாக உள்ளவரிடமே சோதனை ஏமாற்றுகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், மஞ்சள் காய்ச்சல் வைரஸ்களும் டெங்குவின் குடும்பம்தான். அந்த நோயோ தடுப்பூசியோ முன்பு கண்டவரிடம் டெங்கு ஐஜிஜி பாசிட்டிவாக வரலாம். தடுப்பூசி விவரத்தைப் படிவத்தில் எழுதி அனுப்புங்கள்.

நோயெதிர்ப்பியல் ஆசிரியர்

அந்த ஐஜிஜி ஏன் ஆபத்துக்கு அறிகுறி என்பதைச் சொல்கிறேன்.

கொசு கடிக்கும்போது வைரஸ் உமிழ்நீரோடு தோலுக்குள் இறங்குகிறது. தோலில் காவல் இருக்கும் டென்ட்ரிடிக் செல்களுக்குள்தான் முதலில் நுழைகிறது. எதிரியைப் பிடித்து நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய்க் காட்டுவது அந்தச் செல்களின் வேலை. அதே பயணத்தில் வைரஸும் உள்ளே போய்ச் சேர்ந்துவிடுகிறது. செல்லுக்குள் இருக்கும் உணரிகள் வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ-வைக் கண்டதும் இன்டர்ஃபெரான் சுரக்கும். அது பக்கத்துச் செல்களை எச்சரித்து வைரஸ் பெருகாதபடி கதவடைக்கச் செய்யும். டெங்கு இதற்கும் வழி வைத்திருக்கிறது: அதன் என்எஸ்5 புரதம், இன்டர்ஃபெரானின் செய்தியைச் செல்லின் உட்கருவுக்குக் கடத்தும் ஸ்டாட்2 என்ற புரதத்தைப் பிடித்து அழித்துவிடும். இந்த இழுபறி நடக்கும் 4 முதல் 10 நாட்கள்தான், கொசு கடித்ததற்கும் காய்ச்சல் வருவதற்கும் இடைப்பட்ட அமைதி.

டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒருவகை வந்து போனால் அந்த வகைக்கு நீண்டகால எதிர்ப்பு கிடைக்கும். மற்ற வகைகளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு சில மாதங்களில் தேய்ந்துபோகும். மிஞ்சும் எதிர்ப்பொருள் புதுவகை வைரஸைப் பிடிக்கும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. அப்படிப் பிடித்த மூட்டையை மோனோசைட், மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் எதிர்ப்பொருளின் வால்பகுதி வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். வைரஸுக்கு வேண்டியதும் அந்தச் செல்கள்தான்! எதிர்ப்பொருள் நிறைய இருந்தால் வைரஸ் அடங்கும், இல்லவே இல்லையென்றால் இந்தக் கூடுதல் வழி திறக்காது. நடுத்தர அளவுதான் கெடுதல். தாயின் எதிர்ப்பொருள் தேய்ந்துகொண்டிருக்கும் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு முதல் டெங்குவே கடுமையாக வருவது இதனால்தான்.

இரண்டாம் முறை ஆபத்துக்குக் கியூபா உதாரணம். அங்கே 1977இல் 1ஆம் வகை பரவியது, 1981இல் 2ஆம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள், அவர்களில் 101 பேர் குழந்தைகள். 1997இல் அந்நாட்டின் சாண்டியாகோ டி கியூபா நகரில் மறுபடி 2ஆம் வகை வந்தபோது கடுமையான நோய் பெரியவர்களிடமே காணப்பட்டது. முந்தைய பரவல்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் தப்பினார்கள், அவர்களுக்கு அது முதல் டெங்கு.

தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியர்

காய்ச்சல் இறங்கியதும் குடும்பத்தார் வீட்டுக்குப் போகக் கேட்பார்கள். எங்கள் கவனிப்பு இறுகும் நேரமும் அதுதான். வைரஸின் அளவு அப்போது ஏற்கெனவே சரிந்திருக்கும். செல்கள் கொட்டிய, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களும், ரத்தநாளத்தின் உட்பூச்சை அரிக்கும் என்எஸ்1-உம் சேர்ந்து நாளச்சுவரைத் தளர்த்திவிடுவதால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே கசியும். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் எப்போதாவது தொடங்கி, 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும்.

எல்லோரும் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையே கேட்கிறார்கள். கசிவைக் காட்டுவது ஹீமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்: அவருடைய அடிப்படை அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால் கசிவு கணிசமானது. 40 இருந்தவருக்கு 48 ஆனால் அதுதான். முதல் மூன்று நாளுக்குள் ஒருமுறை எடுத்து வைக்காவிட்டால் ஒப்பிட எண்ணே இருக்காது.

ரத்த அழுத்தத்தில் மேல் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். 100/82 என்றால் இடைவெளி 18தான். 20 அல்லது அதற்குக் கீழே போனாலே அதிர்ச்சிநிலை, மேல் எண் நன்றாக இருந்தாலும். குழந்தை தெளிவாகப் பேசுகிறதே என்றும் ஏமாறக் கூடாது. கை கால் சில்லிட்டிருக்கிறதா, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையா என்று பாருங்கள். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து மயங்குதல் அல்லது நிலைகொள்ளாமல் புரளுதல், இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. இபுபுரூஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் ஊசி எதுவும் வேண்டாம். ரத்தக்கசிவைக் கூட்டும்.

கசிவு நின்றதும் வெளியேறிய நீர் நாளத்துக்குள் திரும்பும். அப்போதும் டிரிப் பழைய வேகத்திலேயே ஓடினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். ஹீமடோக்ரிட் இறங்கி, நாடி நன்றாக இருந்து, சிறுநீர் தாராளமாகப் போனால் டிரிப்பை நிறுத்தக் கேளுங்கள். ஹீமடோக்ரிட் இறங்கியும் நாடி மோசமாகவே இருந்தால் உள்ளே எங்கோ ரத்தம் போகிறது.

ஆய்வக நுட்பர்

தட்டணு பற்றி ஒன்று. காய்ச்சலோ மற்ற அறிகுறியோ பெரிதாக இல்லாமல் எண்ணிக்கை திடீரென்று 20,000 என்று வந்தால் ரத்தம் ஏற்றும் பேச்சுக்கு முன் ஸ்லைடு போட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க இடிடிஏ என்ற வேதிப்பொருள் சேர்த்த குழாயில் சிலருடைய தட்டணுக்கள் கொத்தாக ஒட்டிக்கொள்ளும், இயந்திரம் எண்ணாமல் விட்டுவிடும். சிட்ரேட் குழாயில் எடுத்தால் உண்மை தெரியும். வெள்ளையணு தட்டணுவுக்கு முன்பே சரியும் என்பதையும் கவனியுங்கள். அது மீண்டும் ஏறுவதும் தட்டணு ஏறுவதற்கு முன்னால்தான்.

நோயெதிர்ப்பியல் ஆசிரியர்

ஒருவர் தனிச்செய்தியில் சிக்குன்குனியா பற்றிக் கேட்டிருந்தார். அது வேறு குடும்பம், ஆல்ஃபா வைரஸ். ஒருமுறை வந்தால் நீண்டகாலப் பாதுகாப்பு உண்டு, டெங்கு போல இரண்டாம் முறை பயம் இல்லை. முதல் ஐந்து நாள் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனை, அதன் பிறகு ஐஜிஎம். காய்ச்சல் போன பின்னும் மூட்டுவலி மாதக்கணக்கில் நிற்பது, மூட்டுக்குள் கூடிய மேக்ரோஃபேஜ்கள் அழற்சியை விடாமல் மூட்டுவதால். அதற்கு வலிநிவாரணி வேண்டுமென்றால் டெங்கு இல்லை என்று உறுதியான பிறகே தொடங்க வேண்டும். இரண்டும் ஒரே ஏடிஸ் கொசு கொண்டுவருபவை, ஒருவருக்கே சேர்ந்தும் வரும்.