கோப்பின் பெயரில் '&' வந்தால் எஃப்எஃப்எம்பெக் ஓடுவதில்லை

கேள்வி:
வணக்கம். மயிலாப்பூரில் திருமணக் காணொளிகளைத் தொகுக்கும் ஸ்டூடியோ ஒன்றில் வேலை செய்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பும் அளவுக்குக் காணொளிகளைச் சுருக்குவதற்காக, உபுண்டு லினக்ஸில், பைத்தானின் ஓஎஸ்.சிஸ்டம் வழியாக எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளி மாற்றும் நிரலை இயக்கும் சிறிய ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். 'கார்த்திக் & திவ்யா.எம்பி4' என்ற கோப்பைக் கொடுத்தபோது, 'கார்த்திக்' என்ற கோப்பு இல்லை என்று ஒரு பிழையும், 'திவ்யா.எம்பி4' என்ற கட்டளை இல்லை என்று இன்னொரு பிழையும் வந்தன. பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்ததும் சரியாயிற்று. சென்ற வாரம் சாந்தோமில் நடந்த திருமணத்தில் டி'சூசா என்ற பெயர் வரவே, அதுவும் உடைந்துவிட்டது. எந்தப் பெயர் வந்தாலும் தாங்கும் வழி உண்டா?

பதில் 1:
ஓஎஸ்.சிஸ்டம் உங்கள் வரியை, கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல்லிடம் அப்படியே கொடுத்துவிடுகிறது. '&' குறியைக் கண்ட ஷெல், அதுவரை உள்ளதைப் பின்னணியில் ஓடவிட்டு, மிச்சத்தைத் தனிக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது; இரண்டு பிழைகள் வந்தது அதனால்தான். ஷெல்லையே விலக்கிவிடுங்கள். ஓஎஸ்.சிஸ்டத்துக்குப் பதிலாக, பைத்தானின் சப்பிராசஸ்.ரன்னுக்கு ஒரு பட்டியல் கொடுங்கள்: எஃப்எஃப்எம்பெக் என்ற பெயர், உள்ளீட்டைக் குறிக்கும் '-ஐ', உள்ளீட்டுக் கோப்பு, வெளியீட்டுக் கோப்பு, ஒவ்வொன்றும் தனி உறுப்பாக. லினக்ஸில் அவை பிரிக்கப்படாமல் நேராக நிரலைச் சென்றடைவதால், '&' வெறும் எழுத்தாகவே இருக்கும். முன்பு சேர்த்த மேற்கோள்களை மறக்காமல் எடுத்துவிடுங்கள்; இருந்தால் அவையும் பெயரின் பகுதியாகிவிடும். 'செக்=ட்ரூ' என்று சேர்த்தால், சுருக்கம் தோற்றவுடன் ஸ்கிரிப்ட் நின்றுவிடும்; மூலக் கோப்பை அழிக்கும் வரி அடுத்து இருந்தால் இது மிக அவசியம்.

பதில் 2:
ஒன்றைச் சேர்க்கிறேன். பட்டியலோடு 'ஷெல்=ட்ரூ' என்றும் எழுதிவிடாதீர்கள்; லினக்ஸில் முதல் உறுப்பு மட்டுமே கட்டளையாகும், மற்றவை ஷெல்லுக்கே போய்விடும். நட்சத்திரக் குறியைக் கோப்புப் பெயர்களாக விரித்துத் தருவதும் ஷெல்தான் என்பதால், கோப்புகளைத் திரட்டப் பைத்தானின் பாத்லிப் தொகுதியில் உள்ள குளோபைப் பயன்படுத்துங்கள்.

கேட்டவர்:
இரு பெயர்களும் சரியாக ஓடின, மிக்க நன்றி. ஆனால் நேற்றிரவு வரிசையாக ஓடவிட்டதில், மூன்றாவது கோப்பிலேயே விடியும் வரை நின்றிருந்தது. 'கேப்ச்சர்_அவுட்புட்=ட்ரூ' கொடுத்திருந்ததால் திரையில் ஒன்றும் வரவில்லை.

பதில் 1:
அதே பெயரில் வெளியீட்டுக் கோப்பு ஏற்கெனவே இருந்திருக்கும். மேலெழுதலாமா என்று எஃப்எஃப்எம்பெக் கேட்ட கேள்வியையும் அந்த அமைப்பு பிடித்து வைத்துக்கொண்டதால், நீங்கள் பதில் சொல்வீர்கள் என்று அது காத்திருந்திருக்கிறது. '-நோஎஸ்டிடிஇன்' என்பதைத் தனி உறுப்பாகச் சேருங்கள். கேட்காமல் பிழையோடு வெளியேறும். மேலெழுதத்தான் வேண்டும் என்றால் '-ஒய்' போதும்.