கேள்வியோடு திடப்படுத்தலுக்கு நிற்கலாமா?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பாளையங்கோட்டையில் இருக்கிறேன், சி.எஸ்.ஐ. சபை. மனைவி புற்றுநோயில் இறந்து 14 மாதம் ஆகிறது. மகளுக்கு 13 வயது, அடுத்த மாதம் திடப்படுத்தல் ஆராதனை (பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட, பிஷப் தலையில் கைவைத்து ஜெபிப்பது). போன வாரம் ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்: "எல்லாரும் சேர்ந்துதானே ஜெபம் பண்ணினோம்? ஆண்டவர் ஏன் அம்மாவைச் சுகமாக்கலை? இது தெரியாம பிஷப் முன்னால நான் என்னன்னு சொல்லட்டும்ப்பா?"

சபைப் போதகர் ஐயரிடம் கூட்டிப்போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேவ சித்தம் என்றார். வெளியே வந்ததும், "இது பதில் இல்லப்பா" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது, வாயைத் திறக்கவில்லை. உறவுக்காரர் ஒருவர் விசுவாசம் போதவில்லை என்று சொல்லப்போக, மகள் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

அப்புறம் வேதாகமத்தில், பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்த யோபுவின் புத்தகத்தைச் சேர்ந்து வாசித்தோம். 38ஆம் அதிகாரத்தில் கர்த்தர் பேச ஆரம்பிக்கிறார். ஆனால் காரணம் சொல்லாமல் கேள்விதான் கேட்கிறார். கடைசி அதிகாரத்தில் யோபுக்கு மறுபடி பத்துப் பிள்ளைகள். "சரி, செத்துப்போன பத்துப் பேர்?" என்றாள். 88ஆம் சங்கீதம் மட்டும் அவளுக்குப் பிடித்துவிட்டது, முடிவுவரை ஆறுதலே வராத சங்கீதம். பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறாள். விளக்கணைத்த பிறகு முணுமுணுவென்று ஜெபிப்பதும் கேட்கிறது. பாட்டு மட்டும் பாடுவதில்லை. பாடகர் குழுவில் அம்மா பக்கத்தில் நின்று பாடினவள்.

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்: திடப்படுத்தலை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாமா, இல்லை இந்தக் கேள்வியோடேயே அவள் போய் நிற்கட்டுமா?