கிளீனர் இறால் மூன்று நாளுக்குமேல் தங்குவதில்லை: பழக்கியது தப்பா, தண்ணீரே தப்பா?

மடிப்பாக்கம்_தொட்டி:
வணக்கம். 120 லிட்டர் உப்புத்தண்ணீர்த் தொட்டி, ஏழு மாதமாக ஓடுகிறது. ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு டாம்செல் மீன், ஆறு டர்போ நத்தை. பவளம் கிடையாது, கல் எல்லாம் உலர் கல் (கடல் உயிர் ஒட்டாத காய்ந்த கல்). அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10, பிஎச் 8.2, வெப்பம் 27, சாலினிட்டி (உப்பளவு) 35 பிபிடி, அதாவது கிலோவுக்கு 35 கிராம். ஸ்கங்க் கிளீனர் இறால் இரண்டு முறை விட்டாச்சு, இரண்டும் மூன்று நாளுக்குள் போய்விட்டன. மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை. கடைத் தொட்டியின் சாலினிட்டி 30. கடை கொளத்தூரில், அங்கிருந்து வீடு ஒரு மணி நேரம். பையை மிதக்கவிட்டு, 40 நிமிடத்தில் டம்ளர் டம்ளராகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து விட்டேன். அடுத்ததை வாங்கும் முன் காரணம் தெரிய வேண்டும்.

ராயபுரம்_ரீஃப்:
தம்பி, காரணம் நீங்க எழுதினதுலயே இருக்கு. 30-லேர்ந்து 35-க்கு 40 நிமிஷத்துல ஏத்தியிருக்கீங்க. க்ளவுன் தாங்கும், இறால் தாங்காது. உப்பு திடீர்னு மாறினா நேரம் காலம் இல்லாம ஓட்டைக் கழட்டப் பார்க்கும், பாதியில மாட்டிக்கிட்டு செத்துப்போகும்.

சொட்டு முறைதான் வழி. ஏர் பம்புக்குப் போடுற 4 மில்லிமீட்டர் டியூப் எடுங்க. ஒரு முனை தொட்டிக்குள்ள, மறுமுனையில ஒரு முடிச்சு இல்லேன்னா சின்ன வால்வு. பைத் தண்ணி அரை லிட்டரோட இறாலை ஒரு டப்பாவுல விட்டு, வினாடிக்கு 2 சொட்டு விழுற மாதிரி முடிச்சை இறுக்குங்க. தண்ணி ரெண்டு மடங்கானதும் பாதியைக் கொட்டுங்க, திரும்ப ரெண்டு மடங்காக்குங்க. மொத்தம் மூணு சுற்று. கடைசியில கப்பால மொண்டு விடணும். வலை வேண்டாம், மீசையும் காலும் வலைக்கண்ணுல சிக்கி ஒடியும். டப்பாத் தண்ணி தொட்டிக்குள்ள போகவே கூடாது.

நெய்தல்:
ராயபுரம் அண்ணா, இந்த அறிவுரையைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 சொட்டு ஒரு மில்லி. வினாடிக்கு 2 சொட்டு என்றால் நிமிடத்துக்கு 6 மில்லி. அரை லிட்டர் இரட்டிக்க 83 நிமிடம், மூன்று சுற்றுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். 30 முதலில் 32.5, அப்புறம் 33.75, கடைசியில் 34.4. நாலு மணி நேரமும் இறால் ஒரு சின்ன டப்பாவில். மே மாதத்தில் சென்னை வீட்டு அறை 32 டிகிரி இருக்கும். அரை லிட்டர் தண்ணீர் அந்த நேரத்துக்குள் அந்தச் சூட்டுப் பக்கம் வந்துவிடும். அதன்பின் 27 டிகிரித் தொட்டிக்குள் போடுகிறோம். உப்பைப் பார்த்துப் பார்த்து ஏற்றிவிட்டு வெப்பத்தில் ஐந்து டிகிரி வரை அடி கொடுக்கிறோம்.

அதைவிடப் பெரியது, இறாலின் கழிவால் பையில் சேரும் அம்மோனியா. மூடின பையில் இறாலின் மூச்சால் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் 7 பக்கம் இறங்கும். அந்த நிலையில் அம்மோனியாவில் நச்சு வடிவம் அரை சதவீதம்கூட வராது. பையைத் திறந்து, 8.2 பிஎச் தண்ணீரையும் சொட்டவிட்டால் அதே அம்மோனியாவில் சுமார் 7 சதவீதம் நச்சாக மாறும், கிட்டத்தட்ட 15 மடங்கு. சொட்டுச் சொட்டாகப் பழக்குவதாக நினைத்து விஷத்தில் ஊறவைக்கிறோம்.

ராயபுரம்_ரீஃப்:
நெய்தல், அம்மோனியாக் கணக்கு சரி. ஆனா அது யாருக்குன்னு பாக்கணும்ல? ஃபிளைட்டுல 20, 30 மணி நேரம் பைக்குள்ள கிடந்து வர்ற சரக்குக்கு அது பொருந்தும். அதை நானே சொட்டுல விடமாட்டேன். இது கொளத்தூர்லேர்ந்து வண்டியில ஒரு மணி நேரத்துல வந்த பை. அதுல என்ன அம்மோனியா சேர்ந்திருக்கும்? சூட்டுக்கும் வழி இருக்கு: டப்பாவைத் தரையில வைக்காம தொட்டியோட உள்பக்கக் கண்ணாடியில பிரீடிங் பாக்ஸ் மாதிரி தொங்கவிடுங்க, சுத்தி 27 டிகிரித் தண்ணி இருக்கும். மூணு சுத்துக்கும் டப்பா அசையக் கூடாது, ஒரு ஏர் ஸ்டோனும் மெதுவா ஓடட்டும்.

நெய்தல்:
தூரத்தைப் பொறுத்தது என்பதை ஏற்கிறேன். வெளியூரிலிருந்து வந்த பைக்கு வேகம், பக்கத்துக் கடைப் பைக்கு நிதானம். ஆனால் நிதானம் என்றால் நாலு மணி நேரம் போதாது, ஒரு வாரம் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

10 லிட்டர் வாளியில், கடையில் இருந்த அதே 30 சாலினிட்டியில் கடல்நீர் கலந்து வையுங்கள். தொட்டியில் ஊறிப் பழகின ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி குழாய். கடையில் கடைசியாக அளந்த எண்ணை நம்பாதீர்கள், பைத் தண்ணீரை வீட்டில் அளந்து அதற்கேற்ப வாளியைச் சரி செய்யுங்கள். இறாலை நேராக அதில் விடலாம், உப்பு வித்தியாசமே இருக்காது. மறுநாளிலிருந்து தினம் 2 லிட்டர் எடுத்துவிட்டு 35 சாலினிட்டித் தண்ணீர் 2 லிட்டர் ஊற்றுங்கள். முதல் நாள் 31, அடுத்து 31.8, அடுத்து 32.4, ஏழாம் நாள் 34 வந்துவிடும். மூடி போட மறக்காதீர்கள், வாளி விளிம்பிலிருந்து இறால் துள்ளி வெளியே விழும்.

கடல்குதிரை_77:
ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. அயோடின் இல்லாத தொட்டியில இறால் ஓடு கழட்ட முடியாது. ரெண்டாவது இறால் எப்படிச் செத்தது? ஓடு பாதியில மாட்டியிருந்தா அயோடின் குறைதான். வாரம் மூணு சொட்டு லூகால் கரைசல் (அயோடின் கரைசல்) விடுங்க, சரியாகிடும்.

மடிப்பாக்கம்_தொட்டி:
ஆமாம் சார், இரண்டாவது இறால் தலைப்பக்க ஓடு பாதி கழன்ற நிலையில்தான் கிடந்தது. முதலாவது ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுநாளே போய்விட்டது.

வேதியியல்_வாத்தி:
மூன்று சொட்டு லூகால் விடும் முன் கொஞ்சம் பொறுங்கள். 5 சதவீத லூகாலில் ஒரு மில்லிக்கு ஏறத்தாழ 126 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. அயோடினும் பொட்டாசியம் அயோடைடும் சேர்ந்த கணக்கு. ஒரு சொட்டு 6.3 மில்லிகிராம். 100 லிட்டரில் ஒரு சொட்டு விட்டால் 0.06 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) ஏறும். இயற்கைக் கடல்நீரில் மொத்த அயோடினே அந்த 0.06 பிபிஎம்தான். அதாவது உங்கள் 120 லிட்டரில் வாரம் மூன்று சொட்டு என்றால் கடலின் அளவைப்போல் இரண்டரை மடங்கு, அளந்து பார்க்காமலேயே. அளவு மீறினால் அயோடினே இறாலுக்கு நஞ்சு.

ஓடு கழற்ற வைக்கும் ஹார்மோன் எக்டைசோன், அது ஒரு ஸ்டீராய்டு, அதில் அயோடின் அணு கிடையாது. இறாலின் கண்காம்பில் இருந்து வரும் தடுப்பு ஹார்மோன் குறையும்போது எக்டைசோன் ஏறும். இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் கண்காம்பை அகற்றுவதும் அங்கிருந்து வரும் தடுப்பு ஹார்மோனைக் குறைக்கத்தான், ஆனால் அது முட்டை முதிரவைப்பதற்காக. ஓடு இறுகுவதற்குக் கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம், காரத்தன்மை 8 முதல் 10 டிகேஎச் இருந்தால் போதும். மாதம் இருமுறை தண்ணீர் மாற்றுகிறவர் தொட்டியில் அயோடினும் உப்போடு வந்துவிடும்.

பாதி ஓடு மாட்டிய பிணம் காரணத்தைச் சொல்லாது. உப்பு அதிர்ச்சியிலும் அப்படி ஆகும், உலோக நச்சிலும் ஆகும். எனக்கு மூன்று கேள்விகள். ஆவியாகும் தண்ணீருக்கு எதை ஊற்றுகிறீர்கள்? உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை எதை வைத்துச் சரிபார்த்தீர்கள்? ஆறு டர்போ நத்தையில் எத்தனை உயிரோடு இருக்கின்றன?

மடிப்பாக்கம்_தொட்டி:
மேலே ஃபேன் ஓடுவதால் தினம் 2 லிட்டர் குறையும். சமையலறை ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றுவது, டிடிஎஸ் 70 காட்டுகிறது. குடிநீரில் செம்பு சேர்க்கும் காப்பர் காட்ரிட்ஜ் வைத்த மாடல். ரிஃப்ராக்டோமீட்டரை அந்த ஆர்ஓ தண்ணீரிலேயே 0 வைத்தேன். நத்தை இரண்டுதான் மிச்சம், நாலு போய்விட்டது. பட்டினி என்று நினைத்தேன்.

வேதியியல்_வாத்தி:
காப்பர் காட்ரிட்ஜ். அங்கேதான் நிற்க வேண்டும்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் செம்புக்கு வைத்த ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், வேறு ஆதாரம் இல்லாதபோது 1.5 வரை. காட்ரிட்ஜ் அந்த 0.05 மட்டுமே சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் 2 லிட்டர், மாதம் 60 லிட்டர், 3 மில்லிகிராம் செம்பு. தண்ணீர் ஆவியாகிப் போகும், செம்பு போகாது. 120 லிட்டரில் மாதத்துக்கு 0.025 பிபிஎம் வீதம் ஏறும். திறந்த கடலில் செம்பு 0.001 பிபிஎம்மைவிடக் குறைவு. நமக்குக் குடிக்க நல்ல தண்ணீர், மீனுக்கும் பெரிய தொந்தரவில்லை. வெள்ளைப்புள்ளி நோய்க்கு மீனுக்கு வேண்டுமென்றே 0.15 முதல் 0.20 பிபிஎம் செம்பு கொடுக்கிறோம். அதே அளவில் இறாலும் நத்தையும் பிழைக்காது. மீன் சுகமாக இருக்க, நத்தையும் இறாலும் மட்டும் சாவது செம்பின் பழைய அடையாளம்.

ராயபுரம்_ரீஃப்:
வாத்தி சார், காட்ரிட்ஜைக் கழட்டணும், அதுல மறுபேச்சில்ல. ஆனா மாசம் 0.025-ன்னு நேர்க்கோட்டுல ஏறாதே. செம்பு கல்லுலயும் மணல்லயும் ஒட்டிக்கும், தண்ணி மாத்தும்போது கொஞ்சம் போகும், அழுக்கை நுரையா இழுக்குற ஸ்கிம்மர் கொஞ்சம் எடுக்கும். முதல் இறால் மறுநாளே சாய்ஞ்சது உப்பு அடிதான். தம்பி, வால் சதை வெள்ளையா, பால் மாதிரி மாறியிருந்ததா? பண்ணைக்காரங்க இறாலைக் கையில எடுத்ததும் அதைத்தான் முதல்ல பாப்பாங்க, அதிர்ச்சி பட்டதுன்னு அர்த்தம்.

மடிப்பாக்கம்_தொட்டி:
ஆமாம் அண்ணே, வால் பாதி வெளுத்திருந்தது. செத்த பிறகு வெளுத்ததா, முன்பேவா என்று கவனிக்கவில்லை.

வேதியியல்_வாத்தி:
ராயபுரம் சொல்வது நியாயம், நேர்க்கோட்டில் ஏறாது. ஆனால் கல்லில் ஒட்டியது அங்கேயே நிற்காது. தண்ணீரில் செம்பு குறையும்போது கல் அதைத் திருப்பி விடும். அதனால்தான் ஒரு தடவை தண்ணீர் மாற்றி, கிட்டில் 0 பார்த்து, இறால் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கடையில் கிடைக்கும் செம்புக் கிட் இறாலைக் கொல்லும் அளவைப் பார்க்கும் கூர்மை உள்ளதல்ல. கிட்டில் 0 என்றால் தொட்டியில் 0 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

காட்ரிட்ஜைக் கழற்றுங்கள், கூடவே டிடிஎஸ் சரிக்கட்டும் வால்வையும் மூடுங்கள். முடிந்தால் டிஐ ரெசின் (மிச்சம் கரைந்திருப்பதையும் பிடிக்கும் மணிகள்) உள்ள தனி யூனிட், டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும். வாரம் 25 சதவீதம் வீதம் நாலு தடவை தண்ணீர் மாற்றினால் கரைந்திருப்பதில் 32 சதவீதம் மிஞ்சும், கல் விடுவது தனிக் கணக்கு. அதற்கு நல்ல ஆக்டிவேட்டட் கார்பனும் செம்பைப் பிடிக்கும் ரெசினும் வேண்டும். குப்ரிசார்ப் மாதிரி ரெசின் பையை ஃபில்டரில் தண்ணீர் ஊடுருவிப் போகும் இடத்தில் வையுங்கள். செம்பு ஏற ஏற மணிகள் நீலப்பச்சை ஆகும். அந்த நிறம் வந்தால் சந்தேகம் தீர்ந்தது. பம்புகளின் காந்தங்களையும் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள், வெடித்துத் துரு கசிந்தால் அதுவும் உலோகம்தான்.

ரிஃப்ராக்டோமீட்டர் விஷயம்: வெறும் தண்ணீரில் 0 வைப்பது 35-ல் சரியாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 963.5 கிராம் சுத்தத் தண்ணீரில் 36.5 கிராம் சமையல் உப்பு கரைத்தால் 35 பிபிடி கடல்நீர்போலவே ஒளி வளையும். அதில் 35 காட்டும்படி திருகை வையுங்கள். இப்போது 35 என்று நம்புவது 37 ஆகவும் இருக்கலாம். அப்படியானால் ராயபுரம் சொன்ன உப்பு அடி இன்னும் பெரிது.

நெய்தல்:
இதை நான் விட்டுவிட்டேன், வாத்தி சார் சரியாகப் பிடித்தார். ஆனால் செம்பு இருந்தது என்பதால் பழக்கும் முறை தப்பில்லை என்று ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்தே கொன்றிருக்கும். இனி வாங்கும்போது பக்கத்துக் கடையாக இருந்தாலும் அந்த ஒரு வார வாளிதான். அதில் இறால் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருந்து, தொட்டிக்குப் போனதும் சாய்ந்தால் தப்பு தொட்டியில்தான் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். சொட்டு முறையில் அந்தத் தகவல் கிடைக்காது.

கடையில் பார்க்க வேண்டியது: அன்று வந்து இறங்கினதை வாங்காதீர்கள், நாலு நாள் ஆனதைக் கேளுங்கள். கடைக்காரரைத் தீனி போடச் சொல்லுங்கள். நல்ல இறால் வெள்ளை மீசைகளை ஓயாமல் ஆட்டும், முன்கால்களால் தீனியைப் பறித்து வாய்க்குக் கொண்டுபோகும். பாறைக்கு அடியில் அசையாமல் இருப்பதை விட்டுவிடுங்கள். இன்னொன்று, தொட்டியில் ஓடு மட்டும் கிடந்தால் செத்துவிட்டது என்று பதறாதீர்கள். கழற்றின ஓடு கண்ணாடிபோல் காலியாக இருக்கும், முதுகுப் பக்கம் தலையும் வாலும் சேருமிடத்தில் பிளந்திருக்கும். செத்த இறால் உள்ளே சதையோடு மங்கலாக இருக்கும். புது ஓடு இறுக ஓரிரு நாள் ஆகும், அதுவரை ஒளிந்திருக்கும், தேடிக் கல்லைப் புரட்டாதீர்கள்.

ராயபுரம்_ரீஃப்:
சரக்கு நாலு நாள் தாங்குற கடைக்கு அந்த வாளியே தேவையில்லங்கறது என் கணக்கு. உங்க முறை கெட்டதுன்னு சொல்லமாட்டேன், ஆனா எல்லார் வீட்லயும் ரெண்டாவது ஹீட்டர், ரெண்டாவது ஃபில்டர் இருக்காது.

தம்பி, ஆறு வாரம் கழிச்சு இறாலைக் காசு போட்டு வாங்கறதுக்கு முன்னால ஒண்ணு செய்யுங்க. விளக்கை அணைச்சு ஒரு மணி நேரம் ஆனதும் சிவப்புக் காகிதம் ஒட்டின டார்ச்சைக் கல் இடுக்குல அடிச்சுப் பாருங்க. அரிசியில பாதி அளவு, வளைஞ்ச முதுகோட ஆம்பிபாட்கள் (இறாலோட தூரத்துச் சொந்தமான குட்டி உயிருங்க) ஓடணும். அதுங்களும் செம்பைத் தாங்காது. உலர் கல்லுன்னு சொன்னீங்க, அதனால இல்லாமலும் இருக்கலாம். தெரிஞ்சவங்க தொட்டிலேர்ந்து ஒரு பிடி பாசியோட கொஞ்சம் கொண்டுவந்து விடுங்க. பத்து நாள் கழிச்சும் ஓடுதான்னு பார்த்துட்டுச் சொல்லுங்க.

மடிப்பாக்கம்_தொட்டி:
காட்ரிட்ஜ் கழற்றியாச்சு. ரெசின் பை நாளை போடுகிறேன். 36.5 கிராம் கரைசலில் மீட்டர் 33 காட்டியது, அதாவது என் 35 உண்மையில் 37. பத்து நாளில் டார்ச் அடித்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.