காலடிப்பேட்டை வீடு (குடும்பக் குழு): கிச்சன் ஒயரிங்

கீதா அண்ணி: ஆயா காலையில் ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்டதும் சுரீரென்று இழுத்திருக்கிறது. இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்தப் பக்கமே போகமாட்டேன் என்கிறார்.

சரோஜா அத்தை: ஐயோ. டாக்டரிடம் காட்டினீர்களா?

கீதா அண்ணி: காட்டியாச்சு. பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

பாபு அண்ணன்: பிளக் லூஸாக இருக்கும். எப்படியும் டைல்ஸ் போடப் போகிறோம். அதோடு புது போர்டு ஒன்று போட்டுவிடலாம்.

மோகன் சித்தப்பா: பாபு, முதலில் மெயினை அணை. கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கு. அப்புறம் அந்த போர்டைக் கழற்றிப் படம் அனுப்பு.

பாபு அண்ணன்: (படம்)

தினேஷ்: ஸ்க்ரூ எல்லாம் பச்சை பிடித்திருக்கிறது

மோகன் சித்தப்பா: உப்புக்காற்று அப்படித்தான் செய்யும். அதைவிடப் பெரிய கோளாறு, மேலே இருக்கும் பெரிய ஓட்டையைப் பார். அதற்கு எர்த் ஒயர், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற ஒயர், வரவே இல்லை. பக்கத்து நியூட்ரலிலிருந்து, அதாவது கரண்ட் திரும்பிப் போகிற ஒயரிலிருந்து, ஒரு துண்டுக் கறுப்பு ஒயரை எடுத்து அதில் முறுக்கி வைத்திருக்கிறார்கள். நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் கிரைண்டர் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். எம்சிபி விழாது, ஏனென்றால் அது ஒயர் சூடாகி எரியாமல் பார்க்கிற சாமான். ஆளைக் காப்பாற்ற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும். கரண்ட் கொஞ்சம் உடம்பு வழியாகக் கசிந்தாலும் அது கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும்.

சரோஜா அத்தை: யார் கூட்டிவந்த எலக்ட்ரீஷியன் அது

பாபு அண்ணன்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

சரோஜா அத்தை: படித்துவிட்டேன் பாபு. மாடி கட்ட மட்டும் பணம் இருந்தது.

கீதா அண்ணி: அந்தப் பேச்சு இப்போது வேண்டாமே

ரேவதி: வளைகாப்பு முடிந்து நான் அங்கேதானே வரப்போகிறேன். வெந்நீருக்கு என்ன செய்வது?

கீதா அண்ணி: கெட்டில் வாங்கி வைத்திருக்கிறேன் ரேவதி. இண்டக்‌ஷன் அடுப்பும் இருக்கிறது.

மோகன் சித்தப்பா: அதுதான் எனக்குக் கவலை. இண்டக்‌ஷன் 2000 வாட், கெட்டில் 1500, மிக்ஸி 750. மூன்றும் ஒன்றாக ஓடினால் 4250 வாட். 230-ஆல் வகுத்தால் 18 ஆம்பியருக்கு மேல். இப்போது மொத்த கிச்சனும் ஒரே மெல்லிய ஒயரில் தொங்குகிறது. அதனால் டிபியிலிருந்தே, அதாவது எம்சிபி எல்லாம் இருக்கிற பெட்டியிலிருந்தே, தனித்தனி லைன் இழுக்க வேண்டும். லைட்டுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் போதும். மிக்ஸி, கிரைண்டர் மேடைக்கு 2.5, அதற்கு 16 ஆம்ப் எம்சிபி. இண்டக்‌ஷனுக்குத் தனியாக 4 ஸ்கொயர், 20 ஆம்ப். பிரிட்ஜுக்கும் தனி லைன், மிக்ஸியால் எம்சிபி விழுந்தாலும் ரேவதியின் மருந்து கெடாது. அடிக்கடி விழுகிறதே என்று யாராவது 32 ஆம்ப் எம்சிபி மாட்டினால் விடாதீர்கள். அது விழாது, ஒயர்தான் கருகும்.

தினேஷ்: சித்தப்பா மெதுவாக

தினேஷ்: ஆர்சிசிபி ஒன்று போதுமா?

மோகன் சித்தப்பா: கிச்சனுக்கு ஒன்று போதும். ஆனால் அதற்குள் போகிற நியூட்ரல் கிச்சனுக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டும். ஹால் நியூட்ரலோடு கலந்தால் ஆர்சிசிபி நிற்கவே நிற்காது, விழுந்துகொண்டே இருக்கும். அப்புறம் தொல்லை என்று கழற்றி வீசிவிடுவார்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்கவும் வேண்டும்.

சரோஜா அத்தை: ஞாயிற்றுக்கிழமை காசிமேடு போகிறவர்கள் எனக்கும் வஞ்சிரம் வாங்கி வரவும்

பாபு அண்ணன்: சரி அத்தை

கீதா அண்ணி: பிளக் எல்லாம் சிங்க் பக்கத்தில் வேண்டும். மேடை அங்கேதான் அகலம்.

மோகன் சித்தப்பா: சிங்க் பக்கம் கூடவே கூடாதம்மா. அடுப்புக்கு நேர் மேலேயும் வேண்டாம். எதிர்ச் சுவரில் மேடைக்கு மேலே வைக்கலாம். தரையோரமாகவும் வேண்டாம், 2023 மிக்ஜாமில் தண்ணீர் எங்கே நின்றது என்று சுவரிலேயே கறை இருக்கிறது.

ரேவதி: ஆயாவின் உரல் இருக்கிற சுவரா?

கீதா அண்ணி: உரலை நகர்த்த ஆயா சம்மதிக்கமாட்டார்

பாபு அண்ணன்: செலவு? டைல்ஸுக்கே கடன்தான்.

மோகன் சித்தப்பா: பின்பக்கம் புதுசாக எர்த் பைப் இறக்குவது, ஆர்சிசிபி, இரண்டும் என் செலவு. அதைத் தள்ளிப்போடாதே. ஒயரை ஐஎஸ்ஐ முத்திரை பார்த்துப் பாரிமுனையில் நானே வாங்கித் தருகிறேன். லோடு கூடுவதால் இபியில் எழுதிக் கொடுக்க வேண்டும், அதைத் தினேஷ் பார்க்கட்டும்.

தினேஷ்: சரி. மீட்டர் யார் பேரில் இருக்கிறது?

பாபு அண்ணன்: தாத்தா பேரில்

சரோஜா அத்தை: இன்னும் மாற்றவில்லையா?!

மோகன் சித்தப்பா: அதை அப்புறம் பேசலாம் அக்கா. லைசென்ஸ் உள்ள வயர்மேனோடு சனிக்கிழமை வருகிறேன். சுவரில் காடி வெட்டி பைப் பதித்த பிறகுதான் டைல்ஸ். அதுவரை கிரைண்டர் வேண்டாம், மாவு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கீதா அண்ணி: மாமா, டைல்ஸ்காரர் வெள்ளிக்கிழமையே வருகிறார். அட்வான்ஸ் வாங்கிவிட்டார்.

பாபு அண்ணன்: அவரிடம் பேசிப் பார்க்கிறேன்

மோகன் சித்தப்பா: பேசிப் பார்க்காதே, நிறுத்து.

சரோஜா அத்தை: வஞ்சிரம் இரண்டு கிலோ. துண்டு போட்டே வாங்கவும்.