12 வோல்ட் டிரில்லுக்கு எஸ்.எம்.பி.எஸ் குடுத்தேன், டப்பாவ தொட்டா சுருசுருங்குது

சாளைப்பட்டறை (பல்லடம்):
வணக்கமுங்க. என்ற கிட்ட பழைய 12 வோல்ட் கார்ட்லெஸ் டிரில் ஒண்ணு இருக்குதுங்க, நிக்கல் காட்மியம் பேட்டரி, 10 செல்லும் ஒட்டுக்கா போயிருச்சு, அந்த மாடல் பேட்டரி இப்ப கடைல கெடைக்கறதில்ல. மோட்டாரு நல்லா இருக்கறப்ப தூக்கிப்போட மனசு வரல. பேட்டரி டப்பாவ பிரிச்சு செல்ல எல்லாம் எடுத்துட்டு உள்ள ரெண்டு ஒயர் சால்டர் வெச்சு வெளிய இழுத்து, எல்.இ.டி போர்டுக்கு போடற தகரப்பெட்டி எஸ்.எம்.பி.எஸ் (230 கரண்ட 12 வோல்ட் டிசியா எறக்கிக் குடுக்கற பெட்டி), 12 வோல்ட் 10 ஆம்ப், அதுல மாட்டிட்டேன்.

மெதுவா அமுக்குனா ஓடுது, ட்ரிக்கர முழுசா புடிச்சா டிக் டிக்குனு வெட்டி வெட்டி நின்னுருது. அது கூட பரவால்ல. வெறுங்கால்ல நின்னு அந்த தகரத்த தொட்டா கைல சுருசுருன்னு ஏறுது, டெஸ்டர் வெச்சா மங்கலா எரியுது, ப்ளக்குக்குள்ள ரெண்டு ஒயரயும் மாத்தி மாட்டியும் பாத்துட்டேன் அதே கததான். 12 வோல்ட்ல ஷாக் அடிக்காதுன்னுதான எல்லாரும் சொல்றாங்க, அப்ப இது எங்கிருந்துங்க வருது? பேசாம பழைய கார் பேட்டரில ஓட்டிக்கலாமா? பட்டறை சாளைலதான், பக்கத்துலயே மாடு கட்டறோம், பாப்பாவும் அடிக்கடி உள்ள வரும், அதான் பயமா இருக்குது.

கணபதி வைண்டிங்:
தம்பி, மொதல்ல ப்ளக்க புடுங்கி வெச்சுட்டு மீதிய படிங்க.

சுருசுருங்கறது 12 வோல்ட் இல்லீங்க, 230 பக்கத்துல இருந்து வர்றது. அந்த பெட்டிக்குள்ள பேஸ்ல இருந்து ஒண்ணு, நியூட்ரல்ல இருந்து ஒண்ணுன்னு ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் தகரத்துக்கு போகும், இரைச்சல வடிகட்டறதுக்கு கம்பெனிலயே வெக்கறது. எர்த் மாட்டிருந்தா அந்த கசிவு பொட்டாட்ட மண்ணுக்குள்ள போயிரும். எர்த் இல்லீன்னா தகரம் பாதி வோல்டேஜ்ல, சுமாரா 115ல தொங்கிட்டு நிக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கெப்பாசிட்டர்ங்கறதால ஒயர எப்படி மாத்தி மாட்டுனாலும் அதேதான். கசிவு ஒரு மில்லி ஆம்புக்கும் கம்மியா இருக்கறதால இன்னிக்கு சுருசுருப்போட நிக்குது. நாளைக்கு ஒரு கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனாலோ, பேஸ் ஒயர் தோல் உரிஞ்சு தகரத்துல பட்டாலோ, முழு 230ம் அந்த தகரத்துல நிக்கும், எர்த் இல்லாததால எம்.சி.பியும் (கரண்டு அதிகமானா தானா விழற சுவிட்ச்) விழாது. மாடு கட்டற எடம், சாணி, மூத்திரம், எப்பவும் ஈரம். நம்மள விட மாடு கம்மி வோல்டேஜ்லயே போயிரும், நாலு காலும் மண்ணுல, கழுத்துல இரும்பு சங்கிலி வேற.

பெட்டில எர்த் குறி போட்ட ஸ்க்ரூவுக்கு பச்சை ஒயர் போகுதான்னு பாருங்க, அந்த ஒயர் ப்ளக்கோட பெரிய முள்ளுக்கு போகுதான்னு பாருங்க, சாக்கெட்டோட பெரிய ஓட்டைக்கு பின்னால நெசமாவே ஒயர் இருக்குதான்னும் பாருங்க. மூணாவத யாரும் பாக்கறதில்ல. 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி (கரண்டு மண்ணுக்கு கசிஞ்சா லைன வெட்டற சுவிட்ச்) ஒண்ணு சாளை லைனுக்கு போட்டுருங்க, பாப்பா வர்ற எடத்துல அது இல்லாம இருக்கக்கூடாது. பெட்டிய பிரிச்சு பாக்கறதா இருந்தா ப்ளக்க புடுங்குன ஒடனே கைய உள்ள விடாதீங்க, உள்ள பெரிய கெப்பாசிட்டர்ல 325 வோல்ட் டிசி கொஞ்ச நேரம் நிக்கும்.

கோபி கார்பெண்டர்:
ஏனுங்ணா இவ்ளோ பயப்படறீங்க, நான் பழைய லேப்டாப் அடாப்டர்ல சின்ன டிரில் ஓட்டறேன், ஒண்ணும் ஆகல.

கணபதி வைண்டிங்:
நல்ல கம்பெனி அடாப்டர்னா 230க்கும் வெளிய வர்ற ஒயருக்கும் நடுவுல டிரான்ஸ்பார்மர் பிரிச்சு வெச்சிருக்கும், மேல மூடுன பிளாஸ்டிக், அதனால ஓடுதுங்க. ஆனா டிரான்ஸ்பார்மரே இல்லாம வெறும் கெப்பாசிட்டர்ல வோல்டேஜ எறக்கற சின்ன போர்டு கெடைக்குது பாருங்க, அத எவனாவது 12 வோல்ட் சப்ளைன்னு குடுத்தா கைல வாங்காதீங்க. மீட்டர் 12ன்னுதான் காட்டும், அந்த ஒயர தொட்டா 230 அடிக்கும்.

சங்ககிரி ஆட்டோ எலக்ட்ரிக்கல்:
கார் பேட்டரி நல்ல யோசனைதானுங்க. டிரில் ஸ்டார்ட் ஆகறப்பவும் பிட்டு சிக்கிக்கறப்பவும் 10 ஆம்புக்கு மேல இழுக்கும், அதான் உங்க எஸ்.எம்.பி.எஸ் தன்ன காப்பாத்திக்க வெட்டுது. பேட்டரி வெட்டாது, கேட்டத குடுக்கும், ஷார்ட் பண்ணுனா நூத்துக்கணக்கான ஆம்ப கொட்டும். ஷாக் அடிக்காது, ஆனா சுடும். நான் வேலை பழகுன புதுசுல லாரி பேட்டரி டெர்மினல டைட் பண்றப்ப ஸ்பேனரு பிளஸ்ல, கைல போட்டிருந்த எவர்சில்வர் காப்பு பாடில. ஒரு செகண்டு கூட இருக்காது, காப்பு செவந்துருச்சு, கழட்டறதுக்குள்ள மணிக்கட்ட சுத்தி தோல் வெந்துருச்சு. இன்னும் அந்த வளையம் தெரியும். மோதிரம், காப்பு, வாட்ச்செயின் எல்லாத்தயும் கழட்டி வெச்சுட்டு கைய வைங்க.

ஒயரு 2.5 சதுர மில்லி காப்பர் ஃப்ளெக்சிபிள், பிளஸ் டெர்மினல் பக்கத்துலயே 20 ஆம்ப் பிளேடு ஃபியூஸ். டிரில்லு பக்கம் ஃபியூஸ் வெச்சு பிரயோஜனம் இல்ல, நடுவுல ஒயர் நசுங்குனா யாரு காப்பாத்துவா? அடிக்கடி போகுதுன்னா ஒயர 4ஆ மாத்திட்டு 30 போடுங்க. ஒயர மாத்தாம ஃபியூஸ மட்டும் பெருசாக்குனா ஒயர்தான் ஃபியூஸா எரியும். சார்ஜ் ஏறறப்ப கிளிப் மாட்டாதீங்க, ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும்.

பவானி பேட்டரி அக்கா:
தம்பி, அடுத்து லித்தியம் செல்லு போடலாமான்னு கேப்பீங்க, அதனால முன்னாடியே சொல்லிடறேன். 3 செல் சீரியல்ல போட்டா முழு சார்ஜ்ல 12.6 வோல்ட், பி.எம்.எஸ் (செல்லுகள ஓவர் சார்ஜ்ல இருந்து காப்பாத்தற போர்டு) கண்டிப்பா வேணும். டிரில்லோட வந்த பழைய சார்ஜர்ல மட்டும் போடவே போடாதீங்க, அது நிக்கல் காட்மியத்துக்கு செஞ்சது, செல்லுக்கு 4.2 வந்ததும் நிறுத்தற புத்தி அதுக்கு கெடையாது, ஏத்திக்கிட்டே போகும். செல்லு மேல நேரா சால்டர் வெக்காதீங்க, சூடு உள்ள போயி செல்ல கெடுத்துரும், ஸ்பாட் வெல்டிங் பண்ற கடைல குடுங்க.

சாளைப்பட்டறை (பல்லடம்):
அண்ணா, அக்கா, எல்லாத்துக்கும் நன்றிங்க. மீட்டர் வெச்சு பாத்தேன், தகரத்துக்கும் தண்ணி பைப்புக்கும் நடுவுல 104 வோல்ட். ப்ளக்குல மூணு முள்ளு இருக்குது, ஆனா நான் போட்டிருந்த ஒயரு ரெண்டு கோர். அதோட சாக்கெட்ட கழட்டி பாத்தா எர்த் ஒயர மடிச்சு உள்ள சும்மா திணிச்சு வெச்சிருக்காங்க, வீடு கட்டுன நாள்ல இருந்து அப்படித்தான் இருந்திருக்குது, அதே சாக்கெட்லதான் என்ற வூட்டுக்காரம்மா மோட்டார் போட்டு மாட்டுக்கு தண்ணி எறைப்பாங்க. நெனச்சா இன்னும் கை நடுங்குதுங்க. மச்சான் லைசென்ஸ் இருக்கற வயர்மேன கூட்டியாந்தாரு, பைப் எறக்கி கரி, உப்பு போட்டு புது எர்த் எடுத்தாச்சு, ஆர்.சி.சி.பியும் போட்டாச்சு. இப்ப மீட்டர் ஒரு வோல்ட் கூட காட்டல. டிரில்ல கார் பேட்டரிக்கு மாத்தறேன், ஃபியூஸ் ஹோல்டர் டெர்மினல்ல இருந்து எவ்ளோ தூரத்துல இருக்கலாமுங்ணா?

சங்ககிரி ஆட்டோ எலக்ட்ரிக்கல்:
ஒரு சாண் தாண்ட வேண்டாமுங்க. டெர்மினலுக்கு ரப்பர் மூடி போட்டு பேட்டரிய மரப்பெட்டில வைங்க, பெட்டிக்கு மேல காத்து போக நாலு ஓட்டை போடுங்க.